எயில் காத்த வீரர்

பண்டைத் தமிழர் போர்த் தொழிலை நுணுகி ஆராய்ந்து வகைப்படுத்தியவர். பகைவனது மதிலை முற்றுகையிடும் மறவர் உழிஞைப் பூவைச் சூடுவர். அம்மதிலை உள்நின்று காக்கும் மறவர் நொச்சிப் பூவைச் சூடுவர். மதிலுக்கு எயில் என்பதும் ஒரு பெயர். எயிலைக் கொள்ளுதல் ஒரு வீரம். எயிலைக் காத்தல் மற்றொரு வீரம். இவ்விரண்டிற்கும் தனித்தனியே பூவும் துறையும் வகுத்த புறப்பொருள் நூலார், காக்கும் வீரத்தைக் கொள்ளும் வீரத்தினும் தாழ்ந்ததாக எண்ணினாரல்லர்.

ஆயினும், உலகத்தார் கண்ணில் விரைந்து படுவது கொள்பவன் செயலேயாம். வென்ற ஊரைச் சுட்டிக் காட்டலாம். காக்கப்பட்ட ஊரோ முன்பிருந்தவாறே இருக்கும். அதில் காட்டுவதற்குப் புதியதொன்றும் இராது. ஆதலால், காத்தவன் பெயரை உலகம் எளிதில் மறந்துவிடுகிறது. அவ்வாறு மறக்கப்படாமல், காத்தல் ஒன்றினாலேயே நெடும்புகழ் பெற்றவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், இந்தியக் காற்பந்து வீரராகிய சைலேன் மன்னா ஆவர்.

காற்பந்து ஆட்டமும் எயிற்போர் போன்றதே. ஓரணிக்குப் பதினொருவர். பந்து புகுதற்குரிய வாயிலைக் கோல் என்று யாவரும் வழங்குவர். எதிரணியின் கோலுக்குள் பந்தைச் செலுத்துவோர் முன்வரிசையினர். தம் அணியின் கோலை நோக்கி வரும் பந்தைத் தடுத்து விலக்குவோர் பின்காவலர். மன்னா ஆடிய காலத்தில், நம் நாட்டு அணிகளில் முன்வரிசையில் ஐவரும், நடுவரிசையில் மூவரும், பின்வரிசையில் இருவருமே நிற்பர். அவ்விருவருக்கும் பின்னே கோல் காப்பாளர் ஒருவர் இருப்பார். எனவே, எதிரணியின் ஐவர் ஒருங்கே திரண்டு வரும்பொழுது, அவர்களை எதிர்கொள்ளும் பெருஞ்சுமை அவ்விரு பின்காவலர் தோள்மீதே பெரும்பாலும் விழும். முன்வரிசையினர் ஒன்பது முறை பிழைத்துப் பத்தாம் முறை கோல் அடித்தாலும் கொண்டாடப்படுவர். பின்காவலரோ ஒன்பது முறை காத்துப் பத்தாம் முறை பிழைத்தால், அப்பிழை ஒன்றே பேசப்படும். இத்தகைய இடத்தைத்தான் மன்னா தமக்குரியதாகக் கொண்டு, இடப்புறக் காவலராக நின்றார்.

இளமையும் கழகமும்

வங்க நாட்டில் ஊக்ளி ஆற்றின் ஒரு கரையில் கல்கத்தா மாநகரமும், மறுகரையில் ஹௌரா நகரமும் உள்ளன. சைலேந்திரநாத் மன்னா 1924 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாளன்று ஹௌராப் பகுதியில் பிறந்தார். சைலேன் என்பது அப்பெயரின் குறுக்கம்.

வங்காளத்தில் காற்பந்து வெறும் பொழுதுபோக்காக இருந்ததன்று. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1889 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் மோகன் பகான் என்னும் கழகம் தோன்றியது. 1911 ஆம் ஆண்டு சூலை 29 ஆம் நாள், அக்கழகத்தார் ஐ. எஃப். ஏ. கேடயத்தின் இறுதிப் போட்டியில் ஆங்கிலப் படைவீரர் அணியொன்றை இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்றனர். வென்ற பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடியவர். ஒருவரே பூட்சு அணிந்தவர். ஆளும் இனத்தாரை ஆளப்படும் இனத்தார் அவர்தம் ஆட்டத்திலேயே வென்ற அச்செய்தி, நாடெங்கும் மக்கள் உள்ளத்தில் புத்துணர்ச்சியை ஊட்டிற்று. அன்று முதல் மோகன் பகான் என்னும் பெயர், வங்க இளைஞர்க்கு ஒரு மந்திரச் சொல்லாயிற்று.

மன்னா 1940 ஆம் ஆண்டில் ஹௌரா யூனியன் என்னும் சிறிய கழகத்தில் ஆடத் தொடங்கினார். அது கல்கத்தாக் கழகங்களின் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தது. இரண்டாண்டுகளுக்குள் அவரது திறமை வெளிப்பட்டது. 1942 ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் அகவையை எட்டும் பருவத்தில், அவர் மோகன் பகானில் இடம் பெற்றார். அன்று புகுந்தவர் 1960 ஆம் ஆண்டு வரை வேறெந்தக் கழகத்திற்கும் சென்றாரல்லர். பத்தொன்பது ஆட்டப் பருவங்கள் அவர் ஒரே கழகத்தின் எயிலைக் காத்து நின்றார்.

அந்தப் பத்தொன்பது ஆண்டுகள் எளிய ஆண்டுகள் அல்ல. உலகப் பெரும்போர், 1943 ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம், 1946 ஆம் ஆண்டின் கலகம், 1947 ஆம் ஆண்டின் விடுதலையும் பிரிவினையும் ஆகிய யாவும் அக்காலத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்தன. நாடு இத்துணை அல்லற்பட்ட காலத்திலும் கல்கத்தாவின் மைதான வெளியில் பந்தாட்டம் அற்றுப்போகவில்லை. 1911 ஆம் ஆண்டில் வென்ற கேடயத்தை மோகன் பகான் மீண்டும் வென்றது, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, நாடு விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டிலேதான். அக்காலத்து அணியின் பின்வரிசையில் மன்னா தூணென நின்றார்.

அவரது ஆட்டத்தின் இயல்பை இங்கு அறிந்துகொள்ளுதல் நன்று. பின்காவலரிற் பலர், எதிரியின் உடலோடு மோதி அவரை வீழ்த்தித் தடுப்பர். மன்னாவின் முறை அதுவன்று. பந்து எங்கு வரும் என்பதை முன்னரே உய்த்துணர்ந்து, அவ்விடத்தில் சென்று நிற்றல் அவர் வழக்கம். பந்தைத் தடுப்பாரேயன்றி ஆளைத் தாக்கமாட்டார். தூய ஆட்டக்காரர் என்று எதிரணியினரும் அவரைப் போற்றினர். மேலும், அவர் காலில் பேராற்றல் இருந்தது. எதிரணியினர் விதி மீறும்பொழுது கிடைக்கும் பிரீ கிக் உதையைத் தொலைவிலிருந்து அவர் உதைப்பாராயின், பந்து கோலை நோக்கி விரைந்து பாயும்.

இலண்டன் மாநகரில்

1948 ஆம் ஆண்டில் இலண்டனில் ஒலிம்பிக்கு விளையாட்டு விழா நடைபெற்றது. இந்தியா விடுதலை பெற்று அப்பொழுது ஓராண்டும் நிறையவில்லை. விடுதலை பெற்ற நாட்டின் பெயரால் ஒரு காற்பந்து அணி உலக அரங்கிற் புகுவது அதுவே முதன்முறை. நாகர் குலத்தவரும் பிற்காலத்தில் மருத்துவராய் விளங்கியவருமாகிய தாலிமரேன் ஆவோ அதற்குத் தலைவர். மன்னா அவ்வணியின் பின்காவலருள் ஒருவர்.

சூலை 31 ஆம் நாள், இலண்டனை அடுத்த இல்போர்டு என்னும் இடத்தில் இந்தியா பிரெஞ்சு அணியை எதிர்த்து ஆடியது. நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலுடன் களத்திற் புகுந்தனர். ஆங்கிலேயர் அதனைக் கண்டு வியப்புற்றனர். நாங்கள் ஆடுவது காற்பந்து, நீங்கள் ஆடுவது பூட்சுப்பந்து என்று அணித்தலைவர் ஆவோ நகைச்சுவையாக விடையிறுத்தார் என்பர்.

ஆட்டத்தில் பிரெஞ்சு அணியினர் 30 ஆம் நிமிடத்தில் ஒரு கோல் அடித்தனர். இந்திய அணியினர் மனந்தளராது ஆடினர். 70 ஆம் நிமிடத்தில் சாரங்கபாணி இராமன் பந்தைக் கோலுக்குட் செலுத்தினார். விடுதலை பெற்ற இந்தியா உலக அரங்கில் அடித்த முதற் கோல் அதுவேயாகும். ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருந்தபொழுது பிரெஞ்சு அணி மீண்டும் ஒரு கோல் அடித்தது. இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் இந்தியா தோற்றது.

இத்தோல்வியில் ஒரு துயரச் செய்தி அடங்கியுள்ளது. அன்று இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி உதைகள் கிடைத்தன. பெனால்டி உதையாவது, எதிரணியினர் தம் கோலின் அருகே விதியை மீறினால் கிடைப்பது. உதைப்பவருக்கும் கோலுக்கும் இடையே கோல் காப்பாளர் ஒருவரேயன்றி வேறெவரும் நில்லார். பலமுடைய கால் எனப் பெயர் பெற்ற மன்னாவிடம் ஓர் உதை ஒப்படைக்கப்பட்டது. மற்றொன்று மகாவீர் பிரசாத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இருவர் உதைத்த பந்தும் கோலிற் புகவில்லை. அவ்விரண்டில் ஒன்று புகுந்திருந்தாலும் தோல்வி நேர்ந்திராது. இரண்டும் புகுந்திருந்தால் வெற்றி இந்தியாவுக்கே உரியதாயிருக்கும்.

இருபத்து நான்கு அகவையும் நிரம்பாத இளைஞர் ஒருவருக்கு இது எத்துணைப் பெரிய சுமை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடுதலை பெற்ற நாடு ஒருமுறை நம்பிக் கையில் ஒன்றைக் கொடுக்கிறது. அது தவறிப் போகிறது. அந்நிலையில் ஒருவன் ஒளிந்துகொள்ளலாம். பழியைப் பிறர்மேல் ஏற்றலாம். ஆட்டத்தையே விட்டு விலகலாம். மன்னா இவற்றுள் எதனையும் செய்தாரல்லர். கல்கத்தாவுக்குத் திரும்பி, தாம் முன்பு நின்ற அதே இடத்தில் மீண்டும் நின்று, முன்னினும் உறுதியாக ஆடினார். பிழைத்தவர் என்று நாடு அவரைத் தள்ளிவிடவும் இல்லை. 1950 ஆம் ஆண்டு முதல் மோகன் பகான் அணி அவரைத் தலைவராகக் கொண்டது. அதனை அடுத்து இந்திய அணியின் தலைமையும் அவரைத் தேடி வந்தது.

1950 ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. பிரேசில் நாட்டில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் கலந்துகொள்ளும் வாய்ப்பு இந்தியாவுக்குக் கிடைத்தது. இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகிய நாடுகள் அமைந்த பிரிவில் இந்தியாவுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆயினும் இந்திய அணி செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆட இசைவு கிடைக்காமையே அதற்குக் காரணம் என்று நெடுங்காலம் ஒரு கதை வழங்கி வந்தது. அந்நாளில் தமக்கும் தம் தோழர்க்கும் ஒலிம்பிக்கு விழாவே பெரிதாகத் தோன்றிற்று என்றும், உலகக் கோப்பையின் பெருமையைத் தாங்கள் அறிந்திருக்கவில்லை என்றும் மன்னா பிற்காலத்தில் கூறினார். கிட்டாத புகழுக்கு அழகிய காரணம் ஒன்றைக் கற்பித்துக்கொள்ளாமல், உண்மையை உள்ளவாறு உரைத்தது அவர் பண்பிற்குச் சான்றாகும்.

தில்லியில் பெற்ற பொற்பதக்கம்

1951 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், முதலாவது ஆசிய விளையாட்டு விழா புதுதில்லியில் நடைபெற்றது. ஆசியாவின் பதினொரு நாடுகள் அதிற் கலந்துகொண்டன. காற்பந்துப் போட்டியில் ஆறு நாடுகள் ஆடின. இந்திய அணிக்கு மன்னா தலைவர். ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் பயிற்சியாளர்.

அவ்வணியை ஓரணியாக்குவது எளிதன்று. கல்கத்தாவில் மோகன் பகானும் ஈசுட்டு பெங்கால் கழகமும் தம்முள் தீராப் பகை கொண்டவை. ஈசுட்டு பெங்கால் கழகம் 1920 ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முன்வரிசையில் அந்நாளில் ஆடிய அப்பாராவ், தன்ராசு, வெங்கடேசு, அகமது கான், சாலே ஆகிய ஐவரையும் மக்கள் பஞ்ச பாண்டவர் என்றே வழங்கினர். அவ்வைவரின் தாக்குதலைத் தடுத்து நிற்பதே கல்கத்தாவில் மன்னாவின் தொழில். அவ்வைவருள் வெங்கடேசும் அகமது கானும் இப்பொழுது அவர் தலைமையின்கீழ் ஆட வந்தனர். ஒரு மாதம் பகைவர், மறுமாதம் தோழர். எதிரியைத் தாக்காது பந்தையே தடுக்கும் மன்னாவின் தூய ஆட்டம் இங்குப் பயன்பட்டது. களத்தில் தம்மைக் காயப்படுத்தாத ஒருவரைத் தலைவராக ஏற்பதில் எவருக்கும் மனத்தடை தோன்றவில்லை.

இந்தியா முதலில் இந்தோனேசிய அணியைச் சந்தித்து, மூன்று கோல் அடித்து வென்றது. அடுத்து, அரையிறுதிப் போட்டியில் ஆப்கானிய அணியையும் மூன்று கோல் அடித்து வென்றது. மார்ச்சுத் திங்கள் 10 ஆம் நாள் இறுதிப் போட்டி நிகழ்ந்தது. எதிர்நின்றது ஈரான். வலிமை மிக்க அவ்வணியினருக்கு எதிராக, சாகு மேவாலால் ஒரு கோல் அடித்தார். அந்த ஒரு கோலே வெற்றியைத் தந்தது. ஆசியாவின் முதற் காற்பந்துப் பொற்பதக்கம் இந்தியாவுக்கு உரியதாயிற்று.

இங்கு ஒரு கணக்கை நோக்குதல் வேண்டும். மூன்று போட்டிகளில் இந்தியா அடித்த கோல்கள் ஏழு. இந்தியாவின் கோலிற் புகுந்த பந்து ஒன்றேனும் இல்லை. ஏழு என்னும் எண் மேவாலால் முதலிய முன்வரிசையினர் திறத்தைக் காட்டும். இன்மையைக் குறிக்கும் சுழியோ மன்னா முதலிய பின்வரிசையினர் திறத்தைக் காட்டும். இறுதிப் போட்டியில் அடிக்கப்பட்டது ஒரே கோல் ஆகையால், ஈரானியர் பந்து ஒருமுறை உள்ளே புகுந்திருப்பினும் அவ்வெற்றி கைநழுவியிருக்கும். மேவாலால் கொண்டதை மன்னாவும் தோழரும் காத்தனர். கொண்டவன் பெயரும் காத்தவன் பெயரும் ஒருங்கே நிலைபெறத் தகுந்த நாள் அது.

மூன்றாண்டுகட்கு முன் இலண்டனில் கலங்கி நின்ற அதே கால்கள், தில்லியில் வெற்றி மேடையில் ஏறின. இடையில் நிகழ்ந்தது வேறொன்றுமன்று. நாள்தோறும் தவறாத பயிற்சியும், தளராத உள்ளமுமேயாம்.

எல்சிங்கியில் நேர்ந்த தோல்வி

வெற்றிக்குப் பின் வெற்றியே வரும் என்பது உலகியற்கையன்று. 1952 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் தலைநகராகிய எல்சிங்கியில் ஒலிம்பிக்கு விழா நடைபெற்றது. மன்னாவே இந்திய அணியின் தலைவர். சூலை 15 ஆம் நாள் யூகோசுலாவிய அணியோடு ஆட்டம். அவ்வணி ஐரோப்பாவின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்று. அவ்விழாவில் இறுதிப் போட்டி வரை சென்று, அங்கேரியிடம் தோற்று, வெள்ளிப் பதக்கம் பெற்றது. வடநாட்டின் குளிர்ந்த நிலத்தில், பூட்சு அணிந்து பழகாத நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். ஆட்டத்தின் முடிவில் யூகோசுலாவியா பத்துக் கோல்களும் இந்தியா ஒரு கோலும் அடித்திருந்தன. அவ்வொன்றை அடித்தவர் அகமது கான்.

பின்காவலருக்கு இதனினும் கொடிய நாள் வேறு இல்லை. காக்க நின்ற எயில் பத்து முறை உடைந்தது. தலைமை தாங்கியவரும் மன்னாவே; காவல் நின்றவரும் மன்னாவே. ஆயினும் அத்தோல்வி பயனற்றுப் போகவில்லை. அகில இந்தியக் காற்பந்துச் சங்கம் அதன்பின் ஆட்டக்காரர் பூட்சு அணிதலைக் கட்டாயமாக்கியது. 1911 ஆம் ஆண்டில் பெருமையாக விளங்கிய வெறுங்கால் ஆட்டம், 1952 ஆம் ஆண்டில் தடையாயிற்று. காலம் மாறும்பொழுது, பெருமை வாய்ந்த வழக்கமாயினும் அதனைக் கைவிட்டுப் புதியதைக் கற்றல் வேண்டும் என்பதை அத்தோல்வி உணர்த்திற்று.

மன்னா இம்முறையும் ஒதுங்கினாரல்லர். அதே 1952 ஆம் ஆண்டில் கொழும்பு மாநகரில் தொடங்கிய நாற்கோணப் போட்டியில் இந்தியா, இலங்கை, பர்மா, பாகிசுதான் ஆகிய நான்கு நாடுகள் ஆடின. முதலாண்டில் இந்தியாவும் பாகிசுதானும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் நடந்த மூன்று போட்டிகளிலும் இந்தியாவே முதலிடம் பெற்றது. 1953 ஆம் ஆண்டில் மோகன் பகான் கழகம் டூராண்டுக் கோப்பையை முதன்முறையாக வென்றது. 1954 ஆம் ஆண்டில் கல்கத்தா லீகு, ஐ. எஃப். ஏ. கேடயம் ஆகிய இரண்டையும் ஓராண்டிலேயே வென்றது. 1955 ஆம் ஆண்டில் ரோவர்சுக் கோப்பையும் முதன்முறையாக அதன் கைக்கு வந்தது. இவை யாவும் மன்னா தலைவராக விளங்கிய காலத்தில் நிகழ்ந்தவை.

எல்சிங்கித் தோல்விக்கு மறு ஆண்டில், அஃதாவது 1953 இல், இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தன் ஆண்டு மலரில் உலகின் சிறந்த அணித்தலைவர் பதின்மரைக் குறிப்பிட்டது. அப்பதின்மருள் ஒருவர் சைலேன் மன்னா. பத்துக் கோல் வாங்கித் தோற்ற அணியின் தலைவரை, காற்பந்தின் தாயகமே சிறந்த தலைவர் என மதித்தது. தலைமையின் தகுதி, வென்ற கோல்களை எண்ணுவதால் மட்டும் அளக்கப்படுவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1954 ஆம் ஆண்டில் மணிலாவில் நடந்த இரண்டாம் ஆசிய விளையாட்டு விழாவிலும் அவரே இந்திய அணியின் தலைவர். அங்கு இந்தியா சப்பானை வென்றும், இந்தோனேசியாவிடம் தோற்று, முதற் சுற்றோடு நின்றுவிட்டது. ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வந்த வாழ்வே மன்னாவின் ஆட்ட வாழ்வு.

ஊதியம் கருதா உழைப்பு

இந்நாளில் புகழ்பெற்ற காற்பந்து வீரர் பெரும்பொருள் ஈட்டுகின்றனர். மன்னாவின் காலம் வேறு. அவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி, அதன் ஊதியத்தாலேயே வாழ்ந்தார். அலுவலகப் பணி ஒருபுறம், ஆட்டக்களம் மறுபுறம். பத்தொன்பது ஆண்டுகள் ஆடியதற்குத் தாம் கழகத்திடமிருந்து பெற்ற பொருள் பத்தொன்பது ரூபாய் மட்டுமே என்று அவரே பிற்காலத்தில் கூறியதுண்டு. ஆண்டொன்றுக்கு ஒரு ரூபாய்! அதனை அவர் குறையாகக் கூறினாரல்லர்.

பொருள் பெறாமல் உழைத்தலே உயர்ந்தது என்று இதனால் முடிவு செய்தல் கூடாது. உழைப்பவர்க்கு உரிய ஊதியம் அளித்தல் நேர்மையுள்ள சமுதாயத்தின் கடமை. வறுமையில் வாடி மறைந்த ஆட்டக்காரர் நம் நாட்டிற் பலர். அந்நிலை மாறியது நன்மையே. ஆயினும், ஊதியம் இல்லாதபொழுதும் ஒருவர் தம் கடமையில் அணுவளவும் குறையாமல் ஒழுகினார் என்பது, அவர் அக்கடமையை எத்துணை நேசித்தார் என்பதைக் காட்டுகிறது. கழகம் மாறினால் பயன் வரும் என எண்ணாமல், தாம் ஏற்ற எயிலைக் கடைசி வரை காத்தார்.

நிலைத்த புகழ்

1960 ஆம் ஆண்டில் மன்னா ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவர் விட்டுச் சென்ற காவல் வெறுமையாகிவிடவில்லை. அவர் ஓய்வு பெறுவதற்கு முன்னாண்டில் மோகன் பகானில் சேர்ந்த சர்னைல் சிங்கு என்னும் பஞ்சாப் வீரர், அடுத்த தலைமுறையின் ஒப்பற்ற பின்காவலராக விளங்கினார். மன்னாவோடு ஒரே கழகத்தில் ஆடி வளர்ந்த சுனி கோசுவாமி, 1962 ஆம் ஆண்டில் சகார்த்தா நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 1951 ஆம் ஆண்டில் பயிற்சியாளராக இருந்த ரகீமே அப்பொழுதும் பயிற்சியாளர். இறுதிப் போட்டியில் தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று, இந்தியா மீண்டும் பொற்பதக்கம் பெற்றது. அவ்விரு கோல்களுள் ஒன்றை அடித்தவர், காயமுற்ற தலையோடு முன்வரிசையில் ஆடிய சர்னைல் சிங்கு. ஆசிய விழாவில் இந்தியக் காற்பந்து இதுவரை பெற்ற பொற்பதக்கங்கள் அவ்விரண்டே. முதற் பதக்கத்தை வென்ற தலைவர் மன்னா; இரண்டாம் பதக்கத்தை வென்றவருட் சிலர் அவர் நிழலில் வளர்ந்தவர்.

நாடு அவரை மறக்கவில்லை. 1971 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மசிரீ விருது அளித்தது. 2000 ஆம் ஆண்டில் அகில இந்தியக் காற்பந்துச் சங்கம் அவரை ஆயிரமாண்டின் சிறந்த காற்பந்து வீரர் எனப் பாராட்டியது. மோகன் பகான் கழகம் 2001 ஆம் ஆண்டில் மோகன் பகான் இரத்தினம் என்னும் விருதை ஏற்படுத்தியபொழுது, அதனை முதன்முதலிற் பெறும் தகுதியுடையவர் மன்னாவே எனத் தேர்ந்தது. அவர் பிறந்த ஹௌராவில் உள்ள விளையாட்டரங்கம் ஒன்று அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

2012 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27 ஆம் நாள், தம் எண்பத்தேழாம் அகவையில், சைலேன் மன்னா கொல்கத்தாவில் மறைந்தார். அவர் ஆட்டத்தைக் கண்ணாரக் கண்டவர் அப்பொழுதே அருகியிருந்தனர். ஆயினும் அவர் பெயரைக் கேட்டவுடன் தலை வணங்குவோர் வங்க நாட்டில் எண்ணற்றவர்.

கோல் அடிக்கும் தொழிலன்று அவருடையது. உலகக் கோப்பையில் அவர் ஆடியதில்லை. ஒலிம்பிக்கு விழாவில் இருமுறை ஆடி இருமுறையும் தோற்றார். இலண்டனில் கையில் வந்த வாய்ப்பைத் தவறவிட்டார். எல்சிங்கியில் பத்துக் கோல்களைக் கண்டார். இவ்வளவும் உண்மையாயிருக்க, அவர் புகழ் எவ்வாறு நிலைத்தது? தில்லிப் பொற்பதக்கம் ஒன்றினால் மட்டும் அது நிலைத்ததன்று. தோல்விக்குப் பின்னும் தம் இடத்தை விட்டு அகலாமல் நின்ற உறுதியினாலும், வெற்றியிலும் தோல்வியிலும் தூய்மை குன்றாத ஆட்டத்தினாலும், ஒரே கழகத்திடம் கொண்ட மாறா அன்பினாலும் அது நிலைத்தது.

மாணவர்களே! எல்லாரும் கோல் அடிப்போர் ஆதல் இயலாது. ஒரு வீட்டிலும், ஒரு பள்ளியிலும், ஒரு நாட்டிலும் காவல் நிற்போரே மிகுதியாக வேண்டப்படுவர். எல்லையிற் காவல் புரியும் படைவீரர், நோய் பரவாமற் காக்கும் சுகாதாரப் பணியாளர், ஏரிக்கரை உடையாமல் இரவெல்லாம் விழித்திருக்கும் ஊரார் ஆகியோரின் வெற்றி, ஒன்றும் நிகழாமையே. அவர்கள் நன்கு காத்த நாட்களை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உங்களுக்கும் வாழ்வில் அத்தகைய இடம் ஒன்று வாய்க்கலாம். அவ்விடத்தைச் சிறிதென எண்ணாமல், பிழை நேரினும் அதனைவிட்டு ஓடாமல் நிற்பீர்களாக. பண்டை மறவர்க்குரிய நொச்சிப் பூ, அவ்வாறு நிற்போர்க்கே உரியதாகும்.